பட்டுச் சேலையின் புள்ளி: அனிமேஷனை வீடியோவாக எடுக்கும் வழி

புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடைக்குத் தீபாவளி விளம்பரம் செய்து கொடுத்தேன். 18 செக்கன்தான். கடை வாசலில் மாட்டியிருக்கும் திரையில் நாள் முழுக்க ஓட வேண்டும். கொடுத்த அன்று பின்னேரமே முதலாளி கோல் எடுத்தார்.

"தம்பி, பட்டுச் சேலைகள் எண்டு போடச் சொன்னா, படடுச சேலைகள எண்டு கிடக்கு. புள்ளியெல்லாம் எங்க போச்சு?"

வெள்ளவத்தையில் என் அறையில் இருக்கும் திரையில் மூன்று புள்ளியும் வடிவாகத் தெரிந்தன. நடந்தது பிறகுதான் விளங்கியது. நான் ஃபைலை வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பியிருந்தேன். வாட்ஸ்அப் அதைப் பிழிந்து சின்னதாக்கியது. அவருடைய மகன் ஃபோனில் இருந்து எடுத்துப் பென் டிரைவில் போட்டுத் திரையில் செருகிவிட்டார். ஆங்கில எழுத்தில் இரண்டு பிக்சல் கரைந்தால் யாருக்கும் தெரியாது. தமிழில் மெய்யெழுத்தே அந்தப் புள்ளியில்தான் நிற்கிறது. அதனால் கீழே எழுதுவது, தமிழ் எழுத்தும் தட்டை நிறமும் கோடுமாக வேலை செய்கிறவர்களுக்கு. கமராவில் எடுத்த படத்துக்குச் சொல்லும் ஆலோசனை பலதும் நமக்குப் பொருந்தாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "எம்பி4ஆகத் தாங்கோ" என்று கேட்பார்கள். எம்பி4, எம்ஓவி, எம்கேவி எல்லாம் பார்சல் சுற்றிய தாள் மட்டும்தான். உள்ளே இடியப்பமா பிட்டா என்பது வேறு விஷயம். அந்த உள்ளடக்கத்தை அமுக்கி எழுதும் முறைதான் கோடெக்: எச்.264, எச்.265, புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் என்று பல இருக்கின்றன. ஒரே எம்பி4 என் கணினியில் ஓடி, கடைத் திரையில் கறுப்பாக நிற்பதற்குக் காரணம் தாள் இல்லை, உள்ளே இருப்பதுதான். அதனால் யாராவது எம்பி4 கேட்டால் "எதில் போட்டு ஓட்டப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். அந்தப் பதிலில்தான் மற்ற எல்லாம் இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். அனிமேஷன் மென்பொருளில் இருந்து நேராக வீடியோ எடுக்காதீர்கள். முதலில் படங்களாக எடுங்கள், ஃப்ரேமுக்கு ஒரு பிஎன்ஜி. இதை நான் நட்டப்பட்டுத்தான் படித்தேன். 2022 மார்ச்சில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அந்த மாதம் சிறுவர் பாட்டு ஒன்று செய்துகொண்டிருந்தேன். 90 செக்கன், செக்கனுக்கு 25 ஃப்ரேம், ஆக 2,250 ஃப்ரேம். பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் ஒரு ஃப்ரேமைக் கணித்துப் படமாக்க, அதாவது ரெண்டர் செய்ய, 6 செக்கன் பிடித்தது. மூன்றேமுக்கால் மணித்தியாலம், கரண்ட் இருக்கும் இடைவெளிக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு நேரே எம்பி4ஆக ரெண்டரில் போட்டேன். 2,100 தாண்டியபோது மின்விசிறி நின்றது. யூபிஎஸ் இரண்டு தரம் கத்திவிட்டு அதுவும் நின்றது.

கரண்ட் வந்த பிறகு பார்த்தால் ஃபைல் இருக்கிறது, அளவும் இருக்கிறது, திறக்க மட்டும் முடியவில்லை. எம்பி4இல் எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படுகிறது. அது எழுதப்படாவிட்டால் உள்ளே இருக்கிற 2,100 ஃப்ரேமும் முகவரி இல்லாத கடிதங்கள்தான்.

பிஎன்ஜியாக எடுத்திருந்தால் 2,100 படமும் ஃபோல்டரில் இருந்திருக்கும். பிளெண்டரில் 'ஓவர்ரைட்' என்ற பெட்டியின் சரியை எடுத்துவிட்டு மறுபடி ரெண்டர் கொடுத்தால், ஏற்கெனவே இருக்கும் ஃப்ரேம்களைத் தாண்டி மிச்சத்தை மட்டும் எடுக்கும். ஒரு கவனம்: கரண்ட் போன நேரம் எழுதப்பட்டுக்கொண்டிருந்த அந்தக் கடைசிப் படம் பாதியில் நின்றிருக்கும். அதுவும் 'இருக்கிற' ஃபைலாகக் கணக்கில் சேர்ந்துவிடும். அளவைப் பார்த்து அதை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஒரு ஃப்ரேம் பாதி உடைந்து மின்னும்.

படங்கள் இடத்தைத் தின்னுமே என்று பயப்படுவார்கள். 1920க்கு 1080 படம், பிக்சலுக்கு 3 பைட் என்றால் அமுக்காமல் ஒரு ஃப்ரேம் 6.2 எம்பி. செக்கனுக்கு 155 எம்பி, நிமிடத்துக்கு 9 ஜிபிக்கு மேல். ஆனால் பிஎன்ஜி எதையும் இழக்காமலே அமுக்கும். தட்டை நிறமும் கோடுமாக இருக்கும் படத்தில் அது நன்றாகவே அமுங்குகிறது. என் கார்ட்டூன் ஃப்ரேம்கள் பெரும்பாலும் சில நூறு கேபிதான். வேலை முடிந்து காசு கைக்கு வரும் வரைக்கும் அந்த ஃபோல்டரை அழிக்க மாட்டேன்.

பிளெண்டர்காரர்களுக்கு இன்னொன்று. 4.0 பதிப்பில் இருந்து அது நிறத்தை 'ஏஜிஎக்ஸ்' என்ற பார்வை வழியாகக் காட்டுகிறது. நிஜம் போன்ற வெளிச்சத்துக்கு அது அருமை. தட்டை நிற வேலைக்கு, கடைச் சின்னத்தின் சிவப்பு வெளிறிப்போகும். அங்கே 'ஸ்டாண்டர்ட்' என்று மாற்றிவிட்டே ரெண்டர் கொடுங்கள். பிறகு கோடெக்கைக் குற்றம் சொல்ல வேண்டியிருக்காது.

ஃப்ரேம் வேகத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பிளெண்டர் திறந்தவுடன் 24இல் நிற்கும். இலங்கைத் தொலைக்காட்சி 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறைப்படி 25. டிவிக்குப் போகும் வேலையை 24இல் செய்துவிட்டுக் கடைசியில் 25 ஆக்கினால், ஒன்றில் எல்லாமே 4 வீதம் வேகமாக ஓடும், அல்லது செக்கனுக்கு ஒரு ஃப்ரேம் இரட்டிக்கும். மெதுவாக நகரும் பின்னணியில் அந்த இடறல் கண்ணில் குத்தும்.

படங்கள் கைக்கு வந்த பிறகு, அவற்றையும் ஒலியையும் சேர்த்து ஒரு மூலப் பிரதி செய்கிறோம். எடிட்டருக்கோ தொலைக்காட்சிக்கோ கொடுப்பது இதைத்தான். ஆப்பிளின் புரோரெஸ் 2007இல் வந்தது. அவிட் நிறுவனத்தின் டிஎன்எக்ஸ்எச்ஆர் அதே மாதிரியான வேலை செய்கிறது. இரண்டும் ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாக அமுக்குகின்றன. அதனால் எடிட்டிங்கில் முன்னும் பின்னும் இழுத்தாலும் தடக்காது. விலை, அளவுதான்: புரோரெஸ் 422 எச்க்யூ 1080இல், 25 ஃப்ரேமில், செக்கனுக்கு ஏறத்தாழ 184 மெகாபிட். எட்டால் பிரித்தால் 23 எம்பி, நிமிடத்துக்கு 1.4 ஜிபி. பின்னணி இல்லாமல் பாத்திரத்தை மட்டும் கொடுக்க வேண்டுமென்றால் புரோரெஸ் 4444. ஒளிபுகும் பகுதியையும் அது சுமக்கும். எச்.264 எம்பி4இல் அது முடியாது. ஊடுருவித் தெரிய வேண்டிய இடமெல்லாம் கறுப்பாகவே வரும்.

குவிக்டைம் பட்டியலில் 'அனிமேஷன்' என்றே ஒரு கோடெக் கிடக்கும். பெயரைப் பார்த்து நானும் ஆரம்பத்தில் அதைத்தான் எடுத்தேன். ஒரே நிறம் வரிசையாக வந்தால் 'இந்த நிறம் இத்தனை தடவை' என்று எழுதுகிற பழைய உத்தி அது. தட்டை நிறத்துக்கு வேலை செய்யும், ஆனால் நிறம் மெல்ல மாறும் வானம் ஒன்று வந்தால் ஃபைல் ஊதிப் பெருக்கும். இன்றைக்கு அதற்குத் தேவையே இல்லை.

இப்போது எல்லோரும் கேட்பது: எச்.264. 2003இல் வந்த தரம். இருபது வருடத்துக்கு மேலாகியும் கடைத் திரை, பழைய டிவி, மலிவு ஃபோன் என்று எதிலும் ஓடுவது இதுதான். இது எப்படி அமுக்குகிறது என்று தெரிந்தால் புள்ளி ஏன் தொலைகிறது என்பதும் தெரியும்.

முதலில் ஒரு முழுப் படத்தை எழுதும். அடுத்த ஃப்ரேம்களில் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதும். இது அனிமேஷனுக்கு வசதி. கமராவில் மரத்தின் இலையெல்லாம் ஆடும். நம் படத்தில் கடலும் தென்னையும் அப்படியே நிற்க, பூனையின் வால் மட்டும் ஆடுகிறது. ஒரு ஓவியத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தி வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் இலாபம். இரண்டாவது ஃப்ரேம் கிட்டத்தட்ட இலவசம்.

அடி விழுவது கோட்டில். படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நுணுக்கமான மாற்றங்களை முதலில் தூக்கி எறிவதுதான் இதன் சிக்கனம். முகம், மேகம், மரம் இவற்றில் அந்த இழப்பு தெரியாது. வெள்ளைத் தரையில் கறுப்புக் கோடு என்றால், கோடே நுணுக்கமான மாற்றம்தான். அதனால் கோட்டைச் சுற்றிக் கொசு மொய்த்த மாதிரி ஓர் அழுக்கு வரும். ஐந்து பிக்சல் அகலப் புள்ளி அந்தக் கொசுக் கூட்டத்துக்குள் கரைந்துவிடும்.

அடுத்தது நிறம். வழக்கமான எச்.264, 4:2:0 என்ற முறையில் இருக்கும். வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் எழுதும். நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒன்று என்றுதான் எழுதும். நம் கண்ணுக்கும் நிறத்தில் அவ்வளவு கூர்மை இல்லை என்பதால் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. சிவப்பு எழுத்தை நீலத் தரையில் வைத்தால் தப்பாது. அந்தக் கடையின் விளம்பரத்தை 400 வீதம் பெருப்பித்துப் பார்த்தேன். 'ள்' என்ற எழுத்தின் சுழியைச் சுற்றி ஊதாவும் மண்நிறமுமாக ஒரு படி வழிந்திருந்தது. காரணம் கணக்கில் இருக்கிறது. எச்டி வீடியோவில் வெளிச்சத்தைக் கணக்கிடும்போது பச்சைக்கு ஏறத்தாழ 72 வீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7. சிவப்பும் நீலமும் வெளிச்சத்தில் இரண்டுமே இருட்டு. வித்தியாசம் முழுவதும் நிறத்தில்தான், அந்த நிறமோ கால்வாசிதான் எழுதப்படுகிறது.

இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஒரு ஃப்ரேமை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எழுத்து தரையோடு கலந்துவிட்டால் வீடியோவிலும் வழியும். மஞ்சள் எழுத்தாக மாற்றுங்கள், அல்லது எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கரை கொடுங்கள். கரை வெளிச்சத்தில் எழுதப்படுவதால் கூராக நிற்கும். அந்த விளம்பரத்தில் நான் வெள்ளைக் கரை போட்டேன். புள்ளியையும் எழுத்துருவில் இருந்ததை விடச் சற்றுப் பெரிதாக வரைந்தேன். தமிழ் எழுத்துருக்களில் பல அச்சுக்காகச் செய்தவை. திரையில் அவற்றின் புள்ளி கொஞ்சம் கஞ்சத்தனமாகவே இருக்கும்.

"அப்ப 4:4:4 எடுத்தால் என்ன?" என்று கேட்கலாம். எடுக்கலாம், நிறம் முழுதாக இருக்கும். ஆனால் பாதிக்கு மேல் டிவியும் ஃபோனும் அதைத் திறக்காது.

மூல பிரதியை எச்.264 ஆக்க நான் பாவிப்பது ஹேண்ட்பிரேக். இலவசம். படத் தொடரை அது வாங்காது, ஒரு வீடியோ ஃபைல்தான் வேண்டும். அதற்குத்தான் மேலே சொன்ன மூலப் பிரதி. உள்ளே போனவுடன் முதலில் பார்க்க வேண்டியது வெட்டும் அளவு. கறுப்பு ஓரம் கண்டால் தானாக வெட்டுகிற பழக்கம் அதற்கு உண்டு. நம் படம் இரவுக் காட்சியில், கறுப்புத் தரையில் இருந்தால் ஓரத்தைக் கழித்துவிடும். வெட்டு வேண்டாம் என்று மாற்றுங்கள். பிறகு வீடியோ பகுதியில் குறியாக்கியாக, எச்.264 எழுதித் தரும் எக்ஸ்264. ஃப்ரேம் வேகம் மூலத்தில் உள்ளதே, மாறாத வேகம். தரத்துக்கு 'மாறாத தரம்' என்ற ஆர்எஃப் சறுக்கு. இதில் எண் குறையக் குறையத் தரம் கூடும். ஆறு எண் குறைத்தால் அளவு ஏறத்தாழ இரட்டிக்கும். தமிழ் எழுத்து இருக்கும் வேலைக்கு நான் 16இல் இருந்து 18 வரை வைப்பேன். எழுத்தே இல்லாத கார்ட்டூனுக்கு 20 போதும். வேக முன்னமைப்பை 'ஸ்லோ' ஆக்குங்கள், தேநீர் குடித்துவிட்டு வரலாம். 'டியூன்' என்ற இடத்தில் 'அனிமேஷன்' என்று ஒன்று இருக்கும். இந்தத் தடவை பெயர் பொய் சொல்லவில்லை: தட்டை நிறத்துக்கும் திரும்பத் திரும்ப வரும் ஓவியத்துக்கும் ஏற்றபடி அமைப்பை மாற்றுகிறது. இணையத்தில் போடுவதென்றால் 'வெப் ஒப்டிமைஸ்டு' பெட்டியில் சரி போடுங்கள். மேலே சொன்ன அட்டவணையை அது ஃபைலின் முன்னுக்குக் கொண்டுவந்துவிடும். முழுதும் இறங்கும் முன்னே ஓடத் தொடங்கும்.

அகலமும் உயரமும் இரட்டை எண்ணாக இருக்கட்டும். ஒருக்கா ஒரு கடைத் திரைக்கு 1081 உயரத்தில் வரைந்துவிட்டு, ஏன் ரெண்டர் தொடக்கத்திலேயே பிழை காட்டுகிறது என்று அரை மணித்தியாலம் முழித்தேன். நிறத்தை இரண்டுக்கு இரண்டு கட்டமாக எழுதும் முறையில் ஒற்றை எண்ணுக்கு இடமில்லை.

வானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலிமுகத்திடலில் சூரியன் இறங்கும் காட்சி யாரும் வரையாமல் விட மாட்டார்கள். இருட்டான நீலம் 60இல் இருந்து 100 வரைக்கும் மெல்ல ஏறுகிறது என்று வையுங்கள். 0இல் இருந்து 255 வரை மட்டும் எண்ணும் எட்டு பிட்டில் அதற்கு இருப்பது 40 படி. 1080 பிக்சல் உயரத்தைப் பங்கு போட்டால் ஒரு படிக்கு 27 பிக்சல். அதுதான் வானத்தில் தெரியும் பட்டை பட்டையான கோடு. தரத்தை எவ்வளவு கூட்டினாலும் போகாது, படியே அவ்வளவுதான். வானத்தின் மேல் மிக மெல்லிய மணல் போன்ற இரைச்சலை, ஒன்றிரண்டு வீதம், ஒரு லேயராகப் போடுங்கள். படிகளின் ஓரம் கலைந்து கண் ஏமாறும். இரைச்சல் போட்டால் அனிமேஷன் டியூனை எடுத்துவிடுங்கள், அது நீங்கள் தூவிய மணலையே துடைக்கப் பார்க்கும். ஃபைலும் கொஞ்சம் பெருக்கும்.

எச்.265 (2013), ஏவி1 (2018) இரண்டும் அதே தரத்தைக் குறைந்த அளவில் தருகின்றன. என் சேமிப்புப் பிரதிகளுக்குப் பாவிக்கிறேன். கடைத் திரைக்குக் கொடுக்க மாட்டேன். திரைக்குப் பின்னால் இருக்கும் பெட்டி எந்த வருடத்தது என்று யாருக்குத் தெரியும்?

போய்ச் சேரும் இடங்களில் சிலதற்கு இவ்வளவு போதும். யூடியூப் எப்படியும் தன் பங்குக்கு மறுபடி அமுக்கும். 1080க்கு அவர்கள் கேட்பது 8 மெகாபிட். நான் அதைப் பார்க்காமல் ஆர்எஃப் 15இல் எடுத்துப் போடுவேன், நல்லது போனால்தான் நல்லது மிஞ்சும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டொக்கியூமென்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரைக்கும் கை வைக்காமல் போகும். பென்னில் கொடுத்தால், ஃபாட்32 என்ற முறையில் அமைத்த பென்னில் 4 ஜிபி தாண்டிய ஒரு ஃபைல் ஏறாது என்பதை நினைவில் வையுங்கள். ஜிஃப் கேட்டால் 256 நிறம்தான், அதிலும் ஃப்ரேம் நேரம் செக்கனின் நூறில் ஒரு பங்காக எழுதப்படுகிறது. 25 ஃப்ரேம் என்றால் சரியாக நான்கு பங்கு. 24 முழு எண்ணாக வராது.

விளம்பரத்தைத் திருத்தி எடுத்தபிறகு வாட்ஸ்அப்பை நம்பவில்லை. 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கி, பென்னை நானே கொண்டுபோய்ச் செருகினேன். பார்க்கிற தூரத்தில், வீதிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ட், ச், ள். மூன்று புள்ளியும் இருந்தன. முதலாளியும் பக்கத்தில் வந்து நின்று இரண்டு தரம் பார்த்தார்.

"இப்ப நல்லா இருக்கு தம்பி. ஆனா அந்த விலையை மட்டும் 4,950 ஆக்குவமா?"

விலை திரையில் வருவது 310ஆவது ஃப்ரேமில் இருந்து 385ஆவது வரை. 76 ஃப்ரேம். அந்தப் படங்களை மட்டும் ஃபோல்டரில் இருந்து அழித்து, ஓவர்ரைட் சரியை எடுத்துவிட்டு, திரும்ப ரெண்டர் கொடுத்தேன். எட்டு நிமிடம் பிடித்தது.